சனிக்கிழமைக்கு ஒரு பெயர்

எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் பதினாறு பேர். பதவிகள் பதினான்கு. மீதி இரண்டு பேருக்குப் பதவி கிடைக்காததற்குக் காரணம், ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், இன்னொருவர் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

பேராக் இந்தியர் இயன்முறை மருத்துவர் சங்கம் என்பது பெயர். பிசியோ என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது, மோட்டார் விபத்தில் முட்டி போனவர்களை மறுபடியும் படியேற வைப்பது எங்கள் தொழில். சங்கத்தின் தொழில் என்ன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், இரண்டு உதவிச் செயலாளர்கள், ஒரு பொருளாளர், அவருக்கு ஓர் உதவி, மூன்று ஆலோசகர்கள், இரண்டு கணக்காய்வாளர்கள். கல்யாண வாசலில் சந்தனம் நீட்டுவதைப்போல ஆளுக்கு ஒன்று. யாரையும் விட்டுவிட்டால் மனத்தாங்கல் வந்துவிடுமாம்.

ஆண்டுக்கூட்டத்தில் தேர்தல் நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். பொருளாளர் குமுதா அக்கா "வழிமொழிகிறேன்" என்பார். தலைவர் லூயிஸ் அங்கிள் முதலில் கையைத் தூக்குவார். அவர் தூக்கியதும் மற்றவர்களும் தூக்குவார்கள். முடிந்தது. பெயரைச் சொன்னவர் யார், பெயருக்கு உரியவர் சம்மதித்தாரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அப்படித்தான் போன ஆண்டு நான் உதவிச் செயலாளர் இரண்டு ஆனேன்.

கூட்டம் முடிந்ததும் துணைத் தலைவர் கோலினிடம் போய், "அண்ணே, எனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"வேலையா?" என்று சிரித்தார். "போட்டோ புடிக்கும்போது முன்னாடி வந்து நில்லு லா. பொம்பளப் புள்ளைங்க முன்னாடி நின்னாதான் சங்கம் வளருதுன்னு தெரியும்."

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அப்பா காவலாளியாக இராப்பகலாக நின்றதும், அம்மா கையுறை ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டதும் நான் போட்டோவில் நிற்பதற்காக இல்லை. இதை அன்றைக்குக் கோலினிடம் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, காடியை ஓட்டிக்கொண்டு குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சங்கம் ஓர் உருப்படியான காரியம் செய்துகொண்டிருந்தது. சிம்பாங் பூலாய் தாண்டி கிரேவன் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பரை வெட்டிச் சாய்த்துப் பல காலம் ஆகிறது. பாதி நிலத்தில் செம்பனை, மீதியில் வீடமைப்புக்காரன் நட்ட விளம்பரப் பலகை. நடுவில் பழைய லயத்து வீடுகளில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. நான் பிறந்த லயம் அதுதான். அங்கே இருக்கும் பாலாய் ராயா மண்டபத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை பிற்பகலில் இலவசமாக ஒரு கிளினிக் நடத்துவோம். முடிந்தவர்கள் வருவார்கள். ஒரு மாதம் ஆறு பேர் வந்து ஒருவர் காலை ஒருவர் மிதிப்போம். மறு மாதம் பூட்டுத் தொங்கும்.

அங்கேதான் தேவன் அண்ணன் வந்தார்.

நாற்பத்து நான்கு வயது. சிம்பாங் பூலாய் மலைகளில் வெட்டும் பளிங்குக் கற்களை ஏற்றிப் போகும் பெரிய லோரி ஓட்டியவர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கவாதம் அடித்துவிட்டது. வலது கையை எட்டிப் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்திருக்கிறார். "எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். எறங்கத்தான் முடியல," என்று அதை ஒரு பகிடியாகச் சொல்வார். கால் ஓரளவு திரும்பிவிட்டது. இடது கை திரும்பவில்லை. மடியில் பூனைக்குட்டியைப்போல் சுருண்டு கிடக்கும்.

"இது கியர் கை, தங்கச்சி," என்றார் முதல் நாளே. "சோறு திங்கிற கை போயிருந்தாக்கூட கலா ஊட்டி விட்ருவா. கியர யாரு போடுவா?"

"ஊட்டியும் விட மாட்டேன், கியரும் போட மாட்டேன். ஆசையப் பாரு," என்றார் அவர் மனைவி கலாதேவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கணவரின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள்தான் பொன்னானவை. மூளை புது வழி தேடுகிற காலம் அது. விட்டுவிட்டால் கை இறுகிவிடும், பிறகு கெஞ்சினாலும் அசையாது. தேவன் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் பாதி ஓடிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்த்தால் மறுமுறை பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்களோ மாதத்துக்கு ஒருமுறை. அவருக்குக் குறைந்தது வாரம் ஒருமுறையாவது ஆள் வேண்டும். நான் வேலை செய்யும் ஜெலாப்பாங் மறுவாழ்வு நிலையத்தில் சனிக்கிழமையும் வேலை உண்டு, எனக்கு மாதத்தில் ஒரு சனிதான் விடுமுறை. தனியாக என்னால் முடியாது. பதினான்கு பதவிக்காரர்கள் இருக்கும் சங்கத்துக்கு முடியும்.

அடுத்த செயற்குழுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லூயிஸ் அங்கிள் தேவாலயத்திலிருந்து நேராக வர வசதி என்று ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் வைப்போம். கீழேயிருந்து மீன் பொரிக்கும் வாசனை ஏறி வரும், அதனால் எந்தக் கூட்டமும் நீண்டதில்லை. அங்கிள் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டு பிசியோவாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இருபத்தைந்து ஆண்டாக அவரே தலைவர்.

அன்றைக்கு ஒரே பொருள்தான், வெள்ளி விழா விருந்து. எந்த ஹோட்டல், சிறப்பு விருந்தினராக எந்த டத்தோ, மேடையில் யார் யாருக்கு நாற்காலி. நாற்காலி விஷயம் வெகுநேரம் போனது. கடைசியில் அங்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "விழா வேலை நெறைய இருக்குறதால, தோட்டத்துக் கிளினிக்க இந்த மாசமும் அடுத்த மாசமும் நிப்பாட்டி வைக்கலாம்," என்றார்.

நான் எழுந்தேன். "கிளினிக்குக்கு யாரு பொறுப்பு, அங்கிள்?"

"எல்லாரும்தான்மா."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேரு சொல்லுங்க."

அங்கிள் கோலினைப் பார்த்தார். கோலின் இரண்டாவது துணைத் தலைவரைப் பார்த்தார். அவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் மெனு அட்டையைப் பார்த்தார்.

"அது ஒரு சேவைதானே, ஷர்மினி," என்றார் கோலின். "சேவைக்கு எதுக்குப் பொறுப்பு? முடிஞ்சா செய்யலாம், முடியலன்னா இல்ல. சுலபமா இருக்குறத சுசா ஆக்காத லா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தேவன் அண்ணனின் கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். எல்லாரும் "அடப்பாவமே" என்பார்கள், பிறகு நாற்காலிக்குத் திரும்புவார்கள். அதனால் பரிதாபத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பிடித்தேன். கூட்டத்துக்கென்று வைத்திருக்கும் சுத்தத் தமிழில், மூச்சு விடாமல் சொன்னேன்.

"இனி கிரேவன் தோட்டத்துக் கிளினிக் எல்லாச் சனிக்கிழமையும் நடைபெறும். ஒவ்வொரு சனிக்கும் செயற்குழுவில் ஒருவர் பெயர் பொறுப்பாக இருக்கும். வர இயலாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தலைவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை தவறுகிறவர் பதவி இழப்பார். இதனை நான் முன்மொழிகிறேன்."

குமுதா அக்கா கைப்பேசியில் யாரோ சேலையை விரித்து விரித்து நேரலையில் விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'முன்மொழிகிறேன்' என்ற சொல் காதில் விழுந்ததும், இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"வழிமொழிகிறேன்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் லூயிஸ் அங்கிளின் கை தானாக மேலே போனது. அங்கிளின் கை போனதும் மற்றக் கைகளும் போயின. கோலினின் கைகூட. ஒரு கணம் எல்லாக் கைகளும் மின்விசிறிக்குக் கீழே அப்படியே நின்றன.

"நிறைவேறியது," என்றேன் நான்.

முதலில் கையை இறக்கியவர் கோலின்தான். "இரு இரு. நாம எதுக்குக் கை தூக்குனோம்?"

செயலாளர் எழுதியதைப் படித்துக் காட்டினார். கீழே எண்ணெயில் மீன் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயையோ," என்றார் குமுதா அக்கா. "நான் ஒரு மயில் கழுத்துக் கலரப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னம்மா இது, பொறி வைக்கிறியா?" லூயிஸ் அங்கிளின் குரல் ஏறிவிட்டது.

"பொறி இல்ல அங்கிள். சத்தமாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் காது இருந்துச்சு."

"செல்லாது தலைவரே," என்றார் கோலின். "திருப்பி எடுங்க. இந்தப் புள்ள நம்மள எல்லாம் கூலியாளா ஆக்கப் பாக்குது."

"தோட்டத்துக் கூலியாளுக்காச்சும் வேல வாங்குற மாண்டோர் எந்த மர நெரைன்னு சொல்லி அனுப்புவாரு," என்றேன். "உங்களுக்கு அதுவும் இல்ல."

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எடுத்திருந்தால் ராஜினாமாவை நீட்டிவிட்டு இறங்கியிருப்பேன், வாக்கியமெல்லாம் மனத்தில் தயாராக இருந்தது. ஆனால் அந்த மனுஷனுடைய தற்பெருமை இருக்கிறதே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"கோலின்," என்றார், "இருபத்தஞ்சு வருஷத்துல இந்தச் சங்கம் எடுத்த முடிவத் திருப்பி எடுத்ததா சரித்திரமே இல்ல. வெள்ளி விழா வருஷத்துல அதத் தொடங்கச் சொல்றியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்விம்மா. ரெண்டு தடவ தவறுனா பதவி போகும்னியே. தலைவர் பதவியுமா?"

"தலைவர் பதவியும்தான்."

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

முதல் சனி என் பெயரில். போனேன், செய்தேன். இரண்டாம் சனி குமுதா அக்கா பெயரில். தாமதமாகத்தான் போயிருக்கிறார், போன இடத்தில் கலாதேவிக்கு ஒரு சேலையைக் காட்டி ஆசை மூட்டவும் மறக்கவில்லை. ஆனால் தேவன் அண்ணனின் உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்து, உடம்புப் பாரத்தை அதன்மேல் சாய்த்து நிற்க வைத்திருக்கிறார். அவர் அலற அலற விடவில்லையாம். "அந்தக்கா பழைய மாண்டோருக்கு மேல இருக்கு தங்கச்சி," என்று தொலைபேசியில் புலம்பினார் தேவன் அண்ணன். "ஆனா கை கொஞ்சம் லேசாயிருக்கு."

மூன்றாம் சனி கோலின் பெயரில்.

கோலின் நகரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பிசியோ சென்டர் வைத்திருக்கிறார். பூப்பந்து ஆடி மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள், கோல்ஃப் ஆடி முழங்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் வருவார்கள். சனிக்கிழமைதான் அவருக்குக் கூட்டம். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

"ஷர்மினி, இன்னிக்கு முடியாது லா. ஆளு நெறைய. நீ போயிரு."

"எனக்கு வேல இருக்கு அண்ணே. உங்களால முடியலன்னா வேற ஆளப் புடிங்க. அதான் தீர்மானம்."

"அதான் உன்னப் புடிக்கிறேன். ஒரு எம்.சி. போட்டுட்டுப் போயேன். உன் ஏரியாதானே, உன் ஆளுங்கதானே."

மருத்துவ விடுப்பு போடச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். 'உன் ஆளுங்க' என்றது தைத்தது. அவருடைய அப்பாவும் ஏதோ ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்தான். "அவரு என் ஆளு இல்ல, சங்கத்தோட நோயாளி," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

துண்டித்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். மூன்று மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கலாதேவி மண்டபத்துக்கு வருவார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒரு வாரம் போச்சு என்பது அவர் கைக்குச் சின்ன விஷயம் இல்லை. மேலாளரிடம் பொய் சொல்லிவிட்டு ஓடலாம். ஓடினால் இன்றைக்குக் கிளினிக் நடக்கும். அதற்குப் பிறகு எல்லாச் சனியும் என் பெயர்தான், யாரும் எழுதாமலே. பழையபடி முடிந்தால் செய்யும் சேவை. நான் இல்லாத சனியில் பூட்டு.

லூயிஸ் அங்கிளை அழைத்தேன்.

"கொஞ்சம் நீயே அனுசரிச்சுப் போயேன்மா," என்றார் அவரும். வாயில் சோறு இருந்தது.

"அங்கிள், நான் போனா இன்னிக்கு ஒரு நாளைக்கு நடக்கும். அதுக்கப்புறம் நடக்காது. ஆள் வரலன்னா தலைவர் பதில் சொல்லணும்னு நீங்களே கை தூக்குனீங்க. போட்டோல நடுவுல நிக்கிறது நீங்கதானே? இதுக்கும் நீங்கதான் நிக்கணும்."

தொடர்பு அறுந்துவிட்டது. சரி, சங்கத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் நான் யாருக்கு என்ன சிகிச்சை செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு பாட்டியார் "நோகுது, நோகுது" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் தோளிலிருந்து கையை எடுத்தேன். வேலை முடிந்ததும் ஜெலாப்பாங்கிலிருந்து நெடுஞ்சாலையில் விட்டேன். மழை பிடித்துக்கொண்டது. சிம்பாங் பூலாய் நெருங்க, கல் ஏற்றிய லோரிகள் வெள்ளைச் சேற்றை என் கண்ணாடியில் அடித்துக்கொண்டே போயின. குறைந்தபட்சம் தேவன் அண்ணன் வீட்டுக்குப் போய், முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருட்டும்வரை கையைப் பார்த்துவிட்டு வரலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

மண்டப வாசலில் லூயிஸ் அங்கிளின் பழைய சாகா காடி நின்றது.

அங்கிள் வாசலுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து யாரும் அவரைத் தாண்டி வெளியே போக முடியாது.

"பதில் சொல்லணும்னியே," என்றார். "கூட்டியாந்துட்டேன். உள்ள போய்ப் பாரு."

உள்ளே கோலின். சென்டரில் போடும் பெயர் பொறித்த சட்டையோடு, முகத்தை முழ நீளத்துக்குத் தொங்கப் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் பொரிந்தார்.

"உன்னாலதான் எல்லாம். இந்த மனுஷன் என் சென்டர்ல வந்து குந்திக்கிட்டு, வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் 'தம்பிக்கு வெளிய டூட்டி இருக்கு, இப்பக் கெளம்பிருவாரு'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லுறாரு லா. டத்தோ சம்சாரம், டத்தின் ஒருத்தங்க, 'சேவைக்கா? ரொம்ப நல்லது'ன்னு எந்திரிச்சே போயிட்டாங்க. நான் என்ன செய்யுறது?"

"கைய அசைக்காம பேசுங்க தம்பி, கண்ணாடி ஆடுது," என்றார் தேவன் அண்ணன்.

அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். மேசைமேல், தேவன் அண்ணனின் இரண்டு கைகளுக்கும் நடுவில், ஓர் அகலமான கண்ணாடி நிமிர்ந்து நின்றது. வராத இடது கை அதன் பின்னால் ஒளிந்திருந்தது. வலது கை முன்னால். வலது கையை அசைத்தால், கண்ணாடியில் தெரிவது இடது கை அசைவதைப்போல இருக்கும். கண் அதை நம்பிவிடும், கண் நம்பினால் மூளை கொஞ்சம் கொஞ்சமாக நம்பும். நான் படித்திருக்கிறேன். செய்து பார்த்ததில்லை. கைக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர் எங்கள் சங்கத்தில் கோலின் ஒருவர்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போட்டோவில் அதெல்லாம் தெரிவதில்லை.

"ஏய் கலா, இங்க பாரு," தேவன் அண்ணன் கண்ணாடிக்குள் பார்த்துச் சிரித்தார். "இத்தன நாளா எம்.சி.ல கெடந்த பய, இன்னிக்கு வேலைக்கு வந்துட்டான்."

"பேசாதீங்க. கட்ட விரல மட்டும் பாருங்க," என்றார் கோலின். குரல் மாறிவிட்டிருந்தது. கோபம் இல்லை, சென்டர் நினைப்பும் இல்லை. "தொறங்க. மூடுங்க. ரெண்டு கையாலயும் செய்யுறதா நெனச்சுக்கிட்டு. தொறங்க."

நான் மேசையின் மறுபக்கம் போய், ஒளிந்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திற, மூடு. ஒன்றும் இல்லை. மழை தகரத்தில் கொட்டியது. திற, மூடு. கட்டை விரல் நகத்துக்குக் கீழே ஏதோ ஒரு நெளிவு. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

"ஏங்க," என்றார் என் தோளுக்குப் பின்னால் நின்ற கலாதேவி, "அது காத்துல ஆடுதா?"

"கட்ட விரல் எந்த ஊருலக்கா காத்துல ஆடும்?" என்றேன்.

கோலின் கண்ணாடியைச் சுற்றி ஓடி வந்தார். "திரும்ப." மறுபடியும் அசைந்தது. ஓர் அரிசி நீளம் இருக்கும். உள்ளே மடங்கியிருந்த விரல் வெளிப்பக்கமாக வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அங்கிள் காவலை விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார்.

நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த விரல் இனி எவ்வளவு வரும், அவர் மறுபடி லோரி ஏறுவாரா என்பதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. அவரிடமும் அப்படியே சொன்னேன். "கியருக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்குண்ணே."

"தெரியும் தங்கச்சி. மொதல்ல நியூட்ரல்ல இருந்து எடுத்தாச்சில்ல?"

கோலின் நெற்றியைத் துடைத்தார். "கண்ணாடி இங்கயே இருக்கட்டும். தெனமும் வீட்டுல செய்யணும், அக்கா, உங்களுக்குச் சொல்லித் தாரேன். அடுத்த சனியும் நானே வாரேன்."

"அடுத்த சனி என் பேரு," என்றார் அங்கிள்.

"நான்தானே தலைவரே இந்த வெரல எழுப்புனது. நடுவுல ஆள் மாறினா கெட்டுப் போயிரும்."

"தீர்மானப்படி என் பேரு. நான் தவறுனா என் பதவிக்குக் கணக்கு ஏறும்."

"அப்பத் தீர்மானத்த மாத்துங்க. சனியெல்லாம் என் பேருல போடுங்க, மத்த நோயாளிங்களப் பாக்க ஆளுக்கு ஒருத்தர் கூட வரணும்."

"முன்மொழிஞ்சிட்டான்," என்றார் அங்கிள் என்னிடம், ஏதோ நோய்க்குப் பெயர் சொல்வதைப்போல. "வழிமொழியிற ஆளக் கூப்பிடு."

குமுதா அக்காவை வீடியோவில் அழைத்தேன். திரையில் பாதி அக்கா, பாதி ஏதோ பட்டுச் சேலை. "அக்கா, கோலின் அண்ணே கிளினிக்குக்கு ஒரு புதுத் தீர்மானம் முன்மொழியுறாரு."

"வழிமொழி..." என்று தொடங்கிய அக்கா சட்டென்று நிறுத்தினார். சேலை கீழே போனது. முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "இரு இரு. எதுக்குன்னு மொதல்ல சொல்லு."

கைப்பேசியைத் திருப்பித் தேவன் அண்ணனின் கட்டை விரலுக்கு நேரே பிடித்தேன்.